கதவுக்கு வெளியே கிடந்த செருப்பு

சென்ற மாதம் ஷர்மிளா ஒரு படிவத்தை என் கைபேசிக்கு அனுப்பியிருந்தார். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய நான்கு ஆண்டுகள் என்னோடு வேலை செய்தவர். இன்று அதே வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறார். இடுப்பு மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களை முன்கூட்டியே பரிசோதிப்பதற்கான படிவம் அது. எப்போதோ இடுப்பில் முறிவு ஏற்பட்டு, அது பொருந்திக் குணமானவர்களுக்கென்று இம்முறை தனியாக ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். பழைய தகடும் ஆணிகளும் உள்ளே இருக்கின்றனவா, தழும்பு எங்கே, கால் எவ்வளவு கட்டை, எந்தத் தசை பலவீனம் என்று கேள்விகள் ஒழுங்காக இருந்தன. ‘மிஸ், ஏதும் விடுபட்டிருந்தா சொல்லுங்கோ’ என்று கீழே எழுதியிருந்தார்.

ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. ‘நோயாளியின் செருப்பை உள்ளே எடுத்துவரச் சொல்லிப் பார்த்தீர்களா?’ என்று அதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். நான் செருப்புகளை எடுத்துப் பார்ப்பதை அவர் கண்டிருக்கிறார், காரணத்தை நான் சொன்னதில்லை. ‘படிவத்திலயுமா? பகிடியா மிஸ்?’ என்று பதில் வந்தது. பகிடியில்லை என்றும், காரணத்தை ஆறுதலாக எழுதுகிறேன் என்றும் சொன்னேன். காரணத்தை எழுதினால் என் பிழையையும் எழுத வேண்டும். அதற்குத்தான் ஒரு மாதம் எடுத்தது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து, பெரும்பாலும் அங்கேயே இருந்து, கடலோர ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள். பயிற்சிக் காலத்தில் இன்று நினைவில் நிற்பவை சில தசைகளின் பெயர்களும் ஒரு விரிவுரையாளரின் இருமலும் மட்டுமே. தொழிலை எனக்குக் கற்பித்தது வைத்தியசாலையின் என்பு முறிவு வாட்டு, எலும்பு முறிந்தவர்கள் தங்கும் பகுதி. அந்த வாட்டை ஆண்டவர் டொக்டர் சிவப்பிரகாசம்.

அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால், பெண்களை ‘அம்மா’ என்றும் ஆண்களை ‘ராசா’ என்றும் அழைப்பார். அவ்வளவுதான் கண்டிப்பு. அவர் வாயால் ‘அம்மா’ என்று கேட்ட நாளில் மதியச் சோறு இறங்காது. கிளினிக்கில் எக்ஸ்ரே படத்தை அவர் முதலில் பார்க்க மாட்டார். நோயாளியை வெறுங்காலோடு நேராக நிற்கச் சொல்லி, தான் சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்று, இரு கைப் பெருவிரல்களையும் இடுப்பெலும்பின் இரு முகடுகளிலும் வைப்பார். பக்கத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்வித்த பலாப் பலகைத் துண்டுகள் அடுக்கியிருக்கும்: கால் அங்குலம், அரை அங்குலம், ஒரு அங்குலம். கட்டையான காலின் கீழே அவற்றை ஒவ்வொன்றாகச் செருகுவது என் வேலை. பெருவிரல்கள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் “காணும், போதும்” என்பார். பலகைகளை எண்ணி எழுதிக்கொண்டு எழும்பி, கையைத் துடைத்த பிறகுதான் படத்தைப் பார்ப்பார்.

அந்தப் பலகைகளின் மேல் எனக்கு ஒரு பக்தியே இருந்தது. அளந்துவிட்டோம் என்ற நிம்மதி எவ்வளவு பெரிய திரை என்பது பிறகுதான் தெரிந்தது.

பழைய முறிவின் மேல் வைக்கும் புதிய மூட்டு மற்றவற்றைப் போன்றதல்ல என்பதை நான் அறிந்துகொண்டது ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சத்திரசிகிச்சைகளால். ஒருவர் தெஹிவளையைச் சேர்ந்த ஆசிரியை, மூட்டுத் தேய்வு. மற்றவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம் உம்மா ஒருவர். பல வருடங்களுக்கு முன் இடுப்பு முறிந்து, ஆணி வைத்துப் பொருத்தி, பிறகு மூட்டின் பந்து நொறுங்கிப் போனவர். ஒரே வகை மூட்டு, ஒரே கை செய்த வேலை. ஆசிரியை நாலாம் நாள் நடைக்கோலை மறந்துவைத்துவிட்டு மலசலகூடத்துக்குப் போய்வந்தார். உம்மாவோ பத்தாம் நாளும் ஒரு பக்கம் சரிந்து சரிந்து நடந்தார். “எனக்கு இந்தக் கால் நீளமா இரிக்கி மிஸ், இது என்ட கால் இல்ல” என்று அழுதார். நான் அளந்தேன், இரண்டு கால்களும் சமம். மனதில் உறுதியில்லாதவர் என்று முடிவுசெய்து, டொக்டரிடம் உம்மாவின் காதுபட அப்படியே சொன்னேன்.

“அம்மா,” என்றார் டொக்டர், “அந்த மனுசி இருபது வருசமா நொண்டப் படிச்சவ. நீங்கள் பத்து நாளில அதை மறக்கச் சொல்லுறியள். முறிவு பொருந்தினது எலும்புக்கு மட்டும்தான்.”

அன்று முதல் அது எனக்குப் பாடமாயிற்று. பழைய முறிவோடு வந்த ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினேன்: “சத்திரசிகிச்சைக்குப் பிறகு கால் நீளமாத் தெரியும். அது உங்கட மனசின்ர பழைய கணக்கு. அதை நம்பாதேங்கோ, என்னை நம்புங்கோ.” பலர் அதனால் தைரியமாக நடந்தார்கள். நல்ல பாடம்தான். நான் அதைச் சூத்திரமாக்கிவிட்டேன் என்பதே பிழை.

இத்தகைய இடுப்புகளில் வேலை எவ்வளவு கடினம் என்று நான் கண்ணால் காண வேண்டும் என்று டொக்டர் விரும்பினார். ஒருநாள் என்னைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அழைத்து, அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தினார். பழைய தழும்பின் கீழே தசைகள் காய்ந்த தோல் போல எலும்போடு ஒட்டியிருந்தன. தகடும் ஆணிகளும் தெரிந்தவுடன் அவற்றைக் கழற்றிவிட்டு மூட்டை வெளியே எடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஆணிகளைத் தொடவேயில்லை. காலை முறுக்கி மூட்டைக் குழியிலிருந்து எடுத்தார். பிறகுதான் திருகாணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஏன் என்று கூடத்துக்கு வெளியே கேட்டேன்.

“ஆணி கழட்டினா ஓட்டை. ஓட்டை விழுந்த கம்பை முறுக்கினா என்ன நடக்கும்?”

“முறியும், சேர்.”

“பழைய ஆணி எப்ப வரைக்கும் உதவி எண்டு பார்த்துத்தான் அதைக் கழட்ட வேணும்.”

பல ஆண்டுகள் அவரோடு இப்படியே போயின. அந்த ஆண்டுகளின் பிற்பகுதியில்தான் மரியநாயகி வந்தார்.

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள ஒடுக்கமான தோட்டமொன்றில் வீடு. வயது ஐம்பத்தெட்டு. புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் அச்சுப்பிழை திருத்துபவராக இருந்தவர். இளவயதில் ஓடத் தொடங்கிய பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து விழுந்து இடது இடுப்பு முறிந்தது. தகடு வைத்தார்கள், எலும்பு பொருந்தியது, கால் கட்டையாகிப் போனது. இப்போது மூட்டு முழுவதும் கெட்டு, வலியில் தூக்கமில்லாமல் வந்திருந்தார்.

முதல் நாளே அவர் தன் நிலையைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். திருமணம் செய்யவில்லை. தம்பி அந்தோனி அவரோடு இருக்கிறார். ஐம்பது வயது கடந்தவர். பிறந்ததிலிருந்தே புத்தி வளர்ச்சி குறைவு. ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேச வராது. குளிக்கவார்ப்பது, சவரம் செய்வது, சாப்பாடு எல்லாம் அக்காதான். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வலிப்பு வரும். கனடாவில் இருக்கும் மூத்த அக்காவின் மகள் ரெஜினா, மாமாவை ஓர் இல்லத்தில் சேர்த்துவிடும்படி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“நான் நடந்தா அவன் வீட்டில. நான் படுத்தா அவன் இல்லத்தில. வேற ஒண்டும் இல்லை மிஸ்,” என்றார். “ஆனபடியால் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். என்ன செய்ய வேணுமெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

நாங்கள் அளந்தோம். ஒன்றரை அங்குலம் கட்டை. ஆறு தடவை கிளினிக்குக்கு வந்தார். நிற்கவைத்து, நடக்கவைத்து, படுக்கவைத்துப் பார்த்தோம். அந்தச் சில நாட்கள் அந்தோனியைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்ள, சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. இரண்டு கால்களும் ஏறத்தாழச் சமமாயின. நான் வாட்டில் அவரை வெறுங்காலோடு நடக்கப் பழக்கினேன். மினுக்கிய தரையில் அதுதான் வழுக்காது. அவரும் எதிர்பார்த்ததுபோலவே ஐந்தாம் நாள் சொன்னார்: “கால் நீளமாப் போச்சு போல கிடக்கு.” நானும் வழக்கம்போலவே சொன்னேன்: “தெரியும். நம்பாதேங்கோ, என்னை நம்புங்கோ.”

“சரி, உங்களை நம்புறன்,” என்றார்.

வீட்டுக்குப் போன பன்னிரண்டாம் நாள், தையல் வெட்டுவதற்காகப் புறப்பட்டவர் தன் வீட்டு வாசற்படியிலேயே விழுந்தார். புதிய மூட்டு குழியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிப்போனபோது அவரை ஏற்கனவே மயக்க மருந்து கொடுக்க உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் பணியாளர் ஒருவரோடு அந்தோனி இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார். நரைத்த தலை, ஒழுங்காகப் பொத்தான் பூட்டிய சட்டை. இரண்டு கைகளாலும் நெஞ்சோடு ஒரு செருப்பை அணைத்துப் பிடித்திருந்தார்.

“அய்யே, செருப்பு உள்ளுக்கு ஏலாது. அங்க வைங்க,” என்றார் சிங்களப் பணியாளர், ‘அண்ணே’ என்பதை மட்டும் தன் மொழியிலும் மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழிலும்.

“அக்கா,” என்றார் அந்தோனி.

“அக்கா வருவாங்க. செருப்பு வெளிய.”

“அக்கா,” என்று அவர் மறுபடி சொல்லி, செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

நான் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அது இடது கால் செருப்பு. சாதாரணத் தோல் செருப்பின் அடியில் டயர் ரப்பரும் தக்கையுமாக அடுக்கடுக்காக ஒட்டி, ஓரத்தைச் சீவி, கறுப்புப் பூசியிருந்தது. தேர்ந்த கை. உண்மையில் மிக நல்ல வேலை.

என் அறைக்குக் கொண்டுபோய்ப் பலாப் பலகைகளோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்றே கால் அங்குலம்.

நம் மக்கள் கோயிலுக்குள் செருப்போடு போகமாட்டார்கள், வீட்டுக்குள் போகமாட்டார்கள், டொக்டரின் அறைக்குள்ளும் போகமாட்டார்கள். யாரும் சொல்லாமலே எங்கள் கிளினிக் வாசலில் தினமும் நாற்பது ஐம்பது சோடி செருப்புகள் கிடக்கும். நானே அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போய்வந்தேன். வாட்டில் சேர்ந்த அன்றே வெளிச்செருப்பை வீட்டார் கொண்டுபோய்விட வேண்டும் என்பது வாட்டின் தலைமைத் தாதியான சிஸ்டரின் கட்டளை. ஆகவே அந்தச் செருப்பு ஆறு தடவை எங்கள் கதவு வரை வந்தது. ஒரு தடவையும் எங்கள் கண்ணில் படவில்லை. காலைச் சமப்படுத்தி அனுப்பினோம். அவர் தெருவுக்கு இறங்குவதற்காக, இருபத்தைந்து வருடமாகப் போட்டுவந்த அதே உயரச் செருப்பைப் போட்டார்.

அதைவிடக் கொடியது அடுத்ததாக எனக்கு விளங்கியது. அந்தச் செருப்பைப் போட்டு எழும்பியவுடன் கால் நீளமாகிவிட்டதை அவர் உணர்ந்திருப்பார். உணர்ந்தது முற்றிலும் சரி. ஆனால் அந்த உணர்வை நம்பாதே என்று சொல்லி அனுப்பியவள் நான்.

மறுநாள் காலை, வாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுமுன் டொக்டரின் அறைக்குப் போனேன். மூட்டை அவர் முந்திய நாளே வெட்டாமல் உள்ளே தள்ளியிருந்தார். இப்போது எக்ஸ்ரே படத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“புது மூட்டின்ர கிண்ணம் கொஞ்சம் சரிஞ்சிட்டுதோ தெரியேல்லை. திறந்து திருத்த வேண்டி வரும்,” என்றார்.

திறந்தால் இன்னும் பல மாதங்கள் என்பது இருவருக்கும் தெரியும். அந்த மாதங்களில் அந்தோனி எங்கே இருப்பார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் செருப்பை மேசையில், படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இது என்ன?”

“மரியநாயகியின்ர இடது கால் செருப்பு, சேர். இதைப் போட்டுக்கொண்டுதான் படியில இறங்கியிருக்கிறா. தடிச்ச அடி படியின்ர விளிம்பில தட்டுப்பட்டு, கால் உள்ளுக்குத் திரும்பி விழுந்திருக்க வேணும்.”

அவர் அதை எடுத்து, திருப்பி, அடுக்குகளை நகத்தால் எண்ணினார்.

“எத்தினை தரம் கிளினிக்குக்கு வந்தவ?”

“ஆறு தரம்.”

“ஆறு தரமும் இது எங்க இருந்தது?”

“கதவுக்கு வெளியில, சேர்.”

செருப்பை மெல்ல மேசையில் வைத்தார். பிறகு, “நான் நிலத்தில முழங்காலில நிண்டு பார்த்தனான், அம்மா,” என்றார். அந்த ‘அம்மா’ எனக்கானதல்ல, தனக்கே அவர் சொல்லிக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது.

என் பங்கையும் சொன்னேன்: நீளமாகத் தெரிந்தால் நம்ப வேண்டாம் என்று அவருக்குப் படிப்பித்ததை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“இதை அவவுக்குச் சொன்னனீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“முதல் போய் அதைச் சொல்லுங்கோ. கிண்ணத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம்.”

மரியநாயகி கால்களுக்கிடையே முக்கோணத் தலையணையோடு, கூரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். நான் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இடையில் அவர் என்னை நிறுத்தவில்லை.

“அப்ப பிழை காலில இல்லை,” என்றார் கடைசியில்.

“இல்லை. பார்க்காமல் விட்டது நாங்கள். உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சதைப் பிழை எண்டு சொன்னது நான்.”

“செருப்பைப் போட்டு எழும்பேக்க ஒரு பக்கம் தூக்கினதுதான். மிஸ் சொன்னவ, இது மனசின்ர கணக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இறங்கினனான்.” அவர் சற்று மூச்சு வாங்கினார். “முப்பது வருசம் மற்றவையின்ர பிழை திருத்தினனான். எழுதினவர் ஒருத்தரும் வந்து, பிழை என்ரது எண்டு சொன்னதில்லை. எழுத்துக் கோத்தவன் விட்டது எண்டுவினம். நீங்கள்தான் முதல் ஆள்.”

நான் தலைகுனிந்திருந்தேன்.

“அழுதுபோடாதேங்கோ. அதுக்கு நேரம் இல்லை. எப்ப நடக்கத் தொடங்கிறது?”

டொக்டர் ஆறு வாரம் கொடுத்தார்; பக்கத்து வீட்டாரும் அதுவரை அந்தோனியைப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் மூட்டு மறுபடி நழுவாமல், படத்திலும் அசையாமல் இருந்தால் திறப்பதில்லை. நானே செருப்புத் தைப்பவரைத் தேடிப்பிடித்து, மரியநாயகியின் செருப்பின் அடுக்குகளைச் சீவுவித்தேன். கிளினிக் வாசலிலும் ஓர் அறிவித்தல் ஒட்டினேன், சிங்களத்திலும் தமிழிலும்: ‘செருப்போடு உள்ளே வரவும்.’ எவரும் வரவில்லை. நின்று வாசித்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, “பிள்ளை, எழுதினவர் அவசரத்தில பிழையா எழுதிப்போட்டார், யாரும் பார்க்க முதல் கழட்டுங்கோ,” என்றார். சிஸ்டரோ வெளிச்சேறு உள்ளே வருகிறதென்று மேலிடத்துக்கு எழுதினார். ஒரு வழிதான் மிஞ்சியது: ஒவ்வொரு நோயாளிக்கும் நானே வாசலுக்குப் போய், அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மிஸ்ஸின் கையில் தங்கள் செருப்பைக் கண்டு பதறிப்போய் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஓய்வுபெறும் வரை அப்படியே செய்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. மூட்டு அசையவில்லை. மரியநாயகி நூல் பிடித்ததுபோல நேராக நடந்தார் என்று எழுத எனக்கும் ஆசை, அது பொய்யாகும். இடப்பக்கத் தசை முழுப்பலம் பெறவில்லை. களைத்தால் உடல் சரிந்தது. வலக்கையில் கோல் தேவைப்பட்டது. ஆனால் கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருமளவுக்கு நடந்தார்.

அந்த நேரத்தில்தான் ரெஜினா கனடாவிலிருந்து வந்து இறங்கினார். மூன்று வார விடுமுறை. நீர்கொழும்புப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் மாமாவுக்கு இடம் பேசியிருந்தார். கெட்ட மனதுக்காரரல்ல, சின்னம்மா ஒருநாள் தனியே விழுந்து கிடப்பார் என்ற பயத்தில் நித்திரை கொள்ளாதவர். நேராக என்னிடம் வந்தார்.

“மிஸ், நான் சண்டை பிடிக்க வரேல்லை. ஒரு கேள்வி மட்டும். மாமாவுக்கு வலிப்பு வந்தா நிலத்தில விழுவார். அவரை ஒருக்களிச்சுத் திருப்பாட்டி மூச்சு அடைக்கும். சின்னம்மா எப்பிடிக் குனிவா? நீங்களே குனியக்கூடாது எண்டு சொல்லியிருக்கிறியள்.”

 குனியாதே, தாழ இராதே, நிலத்துக்கு இறங்காதே என்பதுதான் நாங்கள் எல்லோருக்கும் கொடுத்த கட்டளை. மற்றவர்களைவிடப் பழைய முறிவுக்காரருக்கு இன்னும் கடுமையாகச் சொல்வோம். அவர்களின் மூட்டு மற்றவர்களுடையதைவிட எளிதாக நழுவக்கூடியது. ரெஜினாவின் கேள்வி நியாயமானது.

“இரண்டு கிழமை தாருங்கோ,” என்றேன்.

டொக்டரிடம் போனேன். நிலத்துக்கு இறங்குவதைப் பழக்கப்போகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை; எப்படி என்று கேட்டார். செய்து காட்டினேன். கதிரையின் இருப்பை வலக்கையால் பிடித்து, நல்ல வலது காலை முன்னே வைத்து, இடது காலைப் பின்னே நீட்டி, இடது முழங்காலில் இறங்குவது. அப்படி இறங்கினால் புதிய இடுப்பு மடிவதில்லை. எழும்பும்போது பாரம் முழுவதும் வலது காலில். அவர் என்னை இரண்டு தடவை இறங்கி எழும்பச் சொல்லிப் பார்த்தார். ஐம்பது வயதை நெருங்கியிருந்தேன். இரண்டாம் தடவை முழங்கால் சத்தமிட்டது.

“அவவை விட நீங்கள்தான் விழுவியள் போல கிடக்கு,” என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு பரிசோதனைச் சீட்டில் அனுமதி எழுதிக் கையொப்பமிட்டார்.

முதல் வாரம் தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் இறங்கப் பழக்கினேன். ஒவ்வொரு நாளும் ஒரு தலையணையை எடுத்தேன். மூன்றாம் நாள் மரியநாயகி பாதி இறங்கி நின்றுவிட்டார். “பயமா இருக்கு. கால் விட்டுப்போகும் போல தெரியுது.”

பழைய நானாக இருந்தால் நம்பாதேங்கோ என்றிருப்பேன். “எந்த இடத்தில அப்பிடித் தெரியுது? காட்டுங்கோ,” என்றேன். காட்டினார். இடது பாதம் சற்று வெளியே விலகி நின்றதால் இடுப்பு உள்ளே திரும்பியிருந்தது. பாதத்தை நேராக்கினோம், பயம் போனது. அவருடைய உடல் சொன்னது சரி. அதன் பிறகு ஒவ்வொரு அசைவிலும் நான் கேட்டேன், அவர் சொன்னார், நான் திருத்தினேன்.

பதின்மூன்றாம் நாள் ரெஜினாவை வரச் சொன்னேன். அந்தோனியும் வந்திருந்தார். அக்கா சொன்னதும் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு, இது ஏதோ விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தார்.

“சிரிக்காதை. உனக்கு வலிப்பு,” என்றார் மரியநாயகி. அந்தோனி இன்னும் சிரித்தார்.

மரியநாயகி கதிரையைப் பிடித்தார். வலது கால் முன்னே. இடது கால் பின்னே. நான் ஒரு கை தூரத்தில், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். பிடிக்கப் போகும் கையைப் பிடித்துவைப்பதைவிடக் கடினமான வேலையை என் தொழிலில் நான் செய்ததில்லை. முழங்கால் பாயைத் தொட்டது. தம்பியின் தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் தன் பக்கமாகத் திருப்பினார். தாடையைச் சற்று உயர்த்தினார். வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், அங்கே துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

“திருப்பினது சரி,” என்றார் ரெஜினா. குரல் இறங்கியிருந்தது. “எழும்புறது?”

மரியநாயகி வலது பாதத்தை ஊன்றினார். ஒருமுறை முயன்று முடியாமல் நின்றார். ரெஜினா என்னைப் பார்த்தார், நான் அசையவில்லை. இரண்டாம் முறை எழும்பினார். மூச்சு வாங்கியது, நெற்றி நனைந்திருந்தது.

“ஒவ்வொரு தரமும் இவ்வளவு நேரம் எடுக்குமா, சின்னம்மா?”

“எடுத்தா என்ன? நீ கனடாவில இருந்து போன் எடுத்து, என்ன நடந்தது எண்டு கேக்க முதல் நான் எழும்பியிருவன்.”

ரெஜினா சிரிக்க முயன்று, முடியாமல், சுவரின் பக்கம் திரும்பி நின்றார். பிறகு என்னிடம், “உண்மையைச் சொல்லுங்கோ மிஸ். திரும்ப விழமாட்டாவா?” என்று கேட்டார்.

“விழக்கூடும். இது மற்றவையின்ர இடுப்பைப் போல ஒரு நாளும் வராது. அதைத் தெரிஞ்சுகொண்டுதான் அவ இறங்குறா,” என்றேன். என்னால் தர முடிந்தது அவ்வளவுதான். ரெஜினா அந்த வாரமே நீர்கொழும்புக்குப் போய், பேசிய இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டுப் படியோரத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்று போடுவித்துவிட்டுத் திரும்பினார்.

அதன் பிறகு பதினொரு ஆண்டுகள். மரியநாயகி ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வருவார்; கோலோடுதான் வருவார். மூட்டு ஒரு தடவையும் நழுவவில்லை. இதற்கிடையில் டொக்டர் ஓய்வுபெற்றார். சில ஆண்டுகளில் நானும். ஒரு நாள் காலை பத்து மணியளவில் மரியநாயகியிடமிருந்து தொலைபேசி வந்தது. அந்தோனி இறந்துவிட்டார் என்றார். நான் ஆறுதல் சொல்லத் தொடங்குமுன்னரே, சத்திரசிகிச்சைக்கு முன் பேசிய அதே நேரான குரலில் நடந்ததைச் சொன்னார்.

“காலமை தேத்தண்ணி குடிச்சவன். எழும்பேக்க விழுந்தான். வழமையான வலிப்பு எண்டு நினைச்சன். கதிரையைப் பிடிச்சு இறங்கிப்போய்த் திருப்பினனான். மூச்சு வந்து வந்து நிண்டுது. தலையை மடியில எடுத்து வைச்சனான். தன்ர வீட்டில, என்ர கையில போனவன்.”

 பின்னர் அவர் சொன்னார்:

“இந்த முறை எழும்ப நான் அவசரப்படேல்லை, மிஸ்.”